கையடக்க ஆசிலாஸ்கோப்புக்கு எது சரி: 9 வோல்ட் பேட்டரியா, யுஎஸ்பியா, 18650 செல்லா?

எங்கள் ஆய்வகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு டிஎஸ்ஓ138 கிட் (மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் சின்ன ஆசிலாஸ்கோப்) வாங்கி, தாங்களே சால்டர் வைத்து, சின்னப் பெட்டிக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். ஒற்றைச் சேனல், 200 கிலோஹெர்ட்ஸ் வரை காட்டும். 555 டைமர், ஆடியோ ஆம்ப் பார்க்க அது போதும். எதை வைத்து ஓட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் வாக்குவாதம். மூன்றையும் போட்டுப் பார்த்தபின் நான் 18650 என்ற, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் உருளை லித்தியம் செல் பக்கம்.

9 வோல்ட் சதுர பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும்; கிளிப்பை மாட்டினால் வேலை முடிந்தது. திரையில் வரும் கோடும் (டிரேஸ்) சுத்தமாக இருக்கும். ஆனால் இந்த போர்டு சுமார் 120 மில்லிஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரில் மாதக்கணக்கில் வரும் பேட்டரி, இதில் ஒரு பிராக்டிகல் வகுப்பைத் தாண்டுவதே பெரிது. 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் 78எல்05 ரெகுலேட்டரால் 5 வோல்ட்டைப் பிடித்து நிறுத்த முடியாது. ஸ்கோப் தப்பாகக் காட்ட, மாணவன் தன் சர்க்யூட்டில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பான்.

லேப்டாப் யுஎஸ்பியிலிருந்து, வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் மாட்யூல் வழியாக, போர்டுக்கு வேண்டிய 9 வோல்ட் எடுப்பது மலிவு. சிக்கல் எர்த்தில். லேப்டாப் சார்ஜர் மூன்று பின் என்றால், ப்ரோப்பின் (ஸ்கோப்பின் அளக்கும் வயர்) கறுப்பு கிளிப் எர்த்தோடு சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். நெகட்டிவை எர்த் செய்த சப்ளை ஒன்றின் பாசிட்டிவில் ஒரு மாணவி தெரியாமல் அந்தக் கிளிப்பை மாட்டினாள். பொறி பறந்து கிளிப் நுனி கருகியது. பவர் பேங்க் வைத்தால் இந்த ஆபத்து இல்லை, ஆனால் கையில் இரண்டு பெட்டி, நடுவே ஒரு வயர்.

இனி 18650. ஒரு செல், பாதுகாப்பு சர்க்யூட்டோடு வரும் டிபி4056 சார்ஜர் போர்டு, ஒரு எம்டி3608 பூஸ்ட் மாட்யூல், அவ்வளவுதான். 2600 மில்லிஆம்பியர்-மணி செல்லில் ஏறக்குறைய 9.6 வாட்-மணி இருக்கிறது. போர்டுக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேல் போதும். பூஸ்டில் போகும் இழப்பைக் கழித்தாலும் ஏழு மணி நேரம் வரும். மாணவர்களுக்கு இதில்தான் உண்மையான லாபம்: வாரம் ஒருமுறை போன் சார்ஜரில் போட்டால் சரி, பேட்டரிச் செலவே இல்லை.

செல் வாங்கும்போது கவனம் வேண்டும். 9800 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம். இந்த அளவு செல்லில் பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான் உச்சம். தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். பூஸ்ட் மாட்யூலை முதலில் மல்டிமீட்டர் வைத்து 9 வோல்ட்டுக்குத் திருகிவிட்டு, அப்புறம்தான் போர்டில் இணைக்க வேண்டும்.

குறையும் உண்டு. திரையில் ஒரு கட்டத்துக்கு 10 மில்லிவோல்ட் என்று வைத்தால், பூஸ்ட் மாட்யூலின் இரைச்சலால் டிரேஸ் முள்முள்ளாகத் தெரியும். 100 மைக்ரோஹென்றி காயிலும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வடிகட்டியாகப் போட்டு, மாட்யூலை இன்புட்டுக்கு எதிர்மூலையில் தள்ளி வைத்தோம். முள் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. எட்டு மாதத்தில் எந்தச் செல்லும் தளரவில்லை. இரண்டு மூன்று வருடம் தாங்குமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

சார்ஜ் ஏறும்போது ஸ்கோப்பை ஓட்டினால் பழைய எர்த் சிக்கல் திரும்ப வரலாம். அதற்கு ஒரு மாணவன் வழி சொன்னான்: ஸ்லைடு சுவிட்சின் குமிழில் சின்ன பிளாஸ்டிக் தகடு ஒட்டி, ஆன் செய்தால் அது சார்ஜிங் துளையை மூடும்படி வைத்தான். இந்த வருடம் எல்லாப் பெட்டிகளிலும் அந்தத் தகடு இருக்கிறது.