ஊருக்குப் போன இடத்தில் டயாலிசிஸ், என் வலியைக் கேட்ட சிஸ்டர்

ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. ரிப்போர்ட், ட்ரை வெயிட் (உடம்பில் தேங்கிய நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பரின் அளவு எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பி ஸ்லாட் வாங்கியது சுலபமாகவே முடிந்தது, அதை விடுங்கள். அந்த டயாலிசிஸ் யூனிட்டில் என் வலி பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் உண்டு. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெல்லாம் வலி, எவ்வளவு தூங்கினாலும் தூங்காத மாதிரியே விடியும். ஃபிஸ்டுலா கையை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையை, அசைக்காமல் 4 மணி நேரம் கிடந்தால் தோள்பட்டை கல்லாக இறுகிவிடும். முதல் நாளே டியூட்டி டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் மிஷின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "டயாலிசிஸ்ல வலி இருக்கத்தாம்மா செய்யும், மனசைத் திடமா வச்சுக்குங்க." பிரஷர் சரியாக இருந்தது, அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு காலத்தில் இதே ஊரில் டாக்டர்கள் நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இப்போது நான் இருக்கும் நாட்டில், கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது, எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லை என்று 9 கேள்விகளுள்ள தாளையாவது நீட்டுவார்கள். ஆனால் டிக் போட்டு வாங்கிக்கொண்டு போனால் போனதுதான்.

அடுத்த முறை வேறொரு சிஸ்டர். ஊசி போட்டு டேப் ஒட்டிவிட்டு, தலையணையைச் சரிசெய்யத் தோளைத் தொட்டார், துடித்துப்போனேன். "லேசாத்தானே தொட்டேன் அக்கா, இவ்வளவு வலிக்குதா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நான் சொல்லச் சொல்ல வலிக்கும் இடங்களைக் குறித்தார். நடுவில் பக்கத்து மிஷின் அலாரம் அடித்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்தே கேட்டார். அப்புறம் தூக்கம், அசதி, மறதி. கடைசியாக, "அடிக்கடி அழுகை வருதா அக்கா?" அதைக் கேட்டதுமே வந்துவிட்டது. ஒரு கையை அசைக்க முடியாது, இன்னொரு கையில் பிரஷர் பட்டை, அவர்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

ஃபைப்ரோமயால்ஜியாவை இப்போது கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இப்படிக் கேட்டுத்தான். 1990 வரையறைப்படி உடம்பில் 18 புள்ளிகளை அழுத்திப் பார்த்து 11 இடத்தில் வலிக்கிறதா என்று எண்ணுவார்கள். 2010க்குப் பிறகு 19 பகுதிகளில் எங்கெங்கே வலி, அசதி எவ்வளவு, தூக்கம் எப்படி என்று கேட்டாலே போதும் என்றாகிவிட்டது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, பத்து நிமிஷம் உட்கார ஆள் வேண்டும்.

அந்தத் தாளோடு சிறுநீரக டாக்டர் வந்தார். எலும்பு வலியும் சேர்ந்திருக்கலாம் என்று பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, அசதிக்காக இரும்புச்சத்து எல்லாம் பார்க்கச் சொன்னார். இந்த வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், நமக்கு அளவு குறைவாகத்தான் இருக்க வேண்டும், டயாலிசிஸ் அதை இழுத்துவிடுவதால் எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம் என்று நிதானமாக விளக்கினார். மனநல ஆலோசகரைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தார், வலி பொய் என்பதற்காக இல்லை, வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் என்பதற்காக.

ஊருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறவர்கள், அனுப்பும் ரிப்போர்ட்டில் உங்கள் வலி, தூக்கம், மனநிலை பற்றியும் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.