14.6 அங்குலத்தில் ஒரு ஏ4 தாள்: கேலக்ஸி டேப் எஸ்8 அல்ட்ரா

வாங்கும் முன் நான் செய்த ஒரே சோதனை, பையிலிருந்த ஏ4 தாள் ஒன்றை எடுத்து இந்தச் சாம்சங் டேப்லெட்டின் மேல் வைத்துப் பார்த்ததுதான். விற்க வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேமராவைப் பாருங்கள் சார், ஏதாவது கேம் ஓட்டிப் பாருங்கள் என்றார். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. என் வேலை மெய்ப்புத் திருத்துவது, அதாவது புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது. பதிப்பகத்திலிருந்து பிடிஎஃப் வரும், அதை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் கிறுக்கி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். முந்நூறு பக்கப் புத்தகம் மூன்று சுற்று வந்தால் எத்தனை தாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை ஒழிக்கத்தான் இது, அதனால் தாளை வைத்தே அளந்தேன்.

கிட்டத்தட்டப் பொருந்தியது. கருவியின் அகலம் 208.6 மில்லிமீட்டர், ஏ4 தாளின் அகலம் 210. ஆனால் ஓரச்சட்டம் போக, எரிகிற திரை மட்டும் பார்த்தால் அகலம் 19.6 செ.மீ.தான், நீளமோ 31 செ.மீ.க்கு மேல். அதாவது நிமிர்த்தி வைத்து ஒரு ஏ4 பக்கத்தைத் திறந்தால் அது 94 சதவீத அளவில் தெரியும், மேலும் கீழும் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். இந்த 16:10 என்ற விகிதம் சினிமா பார்க்கிறவர்களுக்காக வைத்தது, படிக்கிறவர்களுக்காக இல்லை. 12.9 அங்குல ஐபேட் ப்ரோவின் திரையும் நிமிர்த்தி வைத்தால் இதே அகலம்தான்! நீளம் குறைவு என்பதால் பக்கம் 88 சதவீதத்துக்கு இறங்கும், அவ்வளவே. பெயரில் 1.7 அங்குலம் கூடுதல் என்று பார்த்து மயங்கி, ஒற்றைப் பக்கம் மட்டும் படிக்க இதை வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

படுக்க வைத்தால்தான் இது தன் உண்மையான உருவத்தைக் காட்டுகிறது. திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ஆசிரியரின் வேர்டு கோப்பு, வலப்பக்கம் அச்சுக்குப் போகிற பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ 15.7-க்கு 19.6 செ.மீ. நம்மூர்ப் புத்தகங்களில் பாதிக்கு மேல் டெமி அளவுதானே (ஏ4-இல் ஏறத்தாழப் பாதி), அந்தப் பக்கம் தொண்ணூறு சதவீத அளவில் முழுசாக உட்கார்ந்துவிடும், பெரிதாக்கவும் நகர்த்தவும் வேண்டியதில்லை. விட்டுப்போன பத்தியை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க இதைவிட வசதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. மடிக்கணினியில் செய்யலாமே என்பீர்கள், செய்யலாம், ஆனால் அதன் மேல் பேனாவால் எழுத முடியாது.

பேனாவைப் பற்றி நிறையவே சொல்லலாம். எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது, தனிக்காசு இல்லை. எழுதுவதற்கு அதில் பேட்டரி தேவையில்லை, வாக்கம் நிறுவனத்தின் தொழில்நுட்பம், திரையே அதற்குச் சக்தி கொடுக்கிறது (ப்ளூடூத்தில் சைகை காட்டுகிற வித்தைகளுக்குத்தான் சார்ஜ் வேண்டும், அதை முதல் வாரத்தோடு மறந்துவிட்டேன்). சாம்சங் நோட்ஸில் பிடிஎஃபைத் திறந்து அதன் மேலேயே எழுதலாம். மெய்ப்பு வேலையில் எதிரி யாரென்றால் ஒன்றுபோலத் தெரிகிற ரகரமும் துணைக்காலும், விட்டுப்போன ஒற்றும், ஒட்டிக்கொண்ட இரண்டு சொற்களும். அங்குலத்துக்கு 240 புள்ளி கொண்ட இந்த அமோலெட் திரையில் பத்துப் பாயின்ட் எழுத்தில்கூட ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமே வராது. சந்தேகம் வருகிற ஒரே இடம் ஜன்னலோரம். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால் என் முகத்தைத்தான் திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவு பளபளப்பு. எதிரொளிப்பைக் குறைக்கிற பூச்சைப் பின்னால் வந்த எஸ்10 அல்ட்ராவில்தான் கொண்டுவந்தார்கள்.

இதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஒரு கடையில் மேட் ஒட்டுத்தாள் ஒட்டினேன். ஒட்டிய பையன் நடுவில் மூன்று காற்றுக்குமிழை விட்டுவிட்டான், இரண்டே வாரத்தில் பேனா போன தடமெல்லாம் கோடாகிவிட்டது, கேட்டால் சார் நீங்கள் அழுத்தி எழுதுகிறீர்கள் என்கிறான். பிய்த்துப் போட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

இப்போது எடை. 726 கிராம், முக்கால் கிலோ என்றே வைத்துக்கொள்வோம். தடிமன் 5.5 மில்லிமீட்டர் என்பதால் எடுக்கும்போது லேசாகத்தான் தெரியும், ஆனால் இவ்வளவு அகலமான பலகையை ஓரத்தில் பிடித்தால் மணிக்கட்டில் விழுகிற பாரம் வேறு. படுத்துக்கொண்டு படிக்கலாம் என்று யாராவது ஆசை வைத்திருந்தால் இங்கேயே கைவிடுங்கள். மூக்கின் மேல் ஒருமுறை விழுந்தால் தானாகவே கைவிடுவீர்கள். மேஜையில் மல்லாக்க வைத்தாலும் ஆட்டம்தான், ஏனென்றால் பேனா ஒட்டிக்கொள்கிற இடம் முதுகில், கேமராவுக்குப் பக்கத்தில். நான் தாத்தாவின் சிக்குப்பலகையை (புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கிற தாங்கி) தூசி தட்டி எடுத்து அதில் சாய்த்து வைத்திருக்கிறேன். ராமாயணம் வாசித்த பலகை, அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்துகிறது.

திரையின் நீளப்பக்கத்தில் முன் கேமராவுக்காக ஒரு வெட்டு இருக்கிறது. நாலு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். ஹெட்போன் துளை இல்லை, தண்ணீர்ப் பாதுகாப்புச் சான்றும் இல்லை (எஸ்9 அல்ட்ராவில் ஐபி68 வந்துவிட்டது), ஆகவே காபி டம்ளரை நாலடி தள்ளி வையுங்கள். மெமரி கார்டு போடலாம், பழைய புத்தகங்களின் வருடல் (ஸ்கேன்) கோப்புகளைச் சேர்த்து வைக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

பேட்டரி 11,200 எம்ஏஎச். ஒரு முழுநாள் வேலைக்குக் காணும். 45 வாட் வரை வாங்கிக்கொள்ளும், ஆனால் பெட்டியில் சார்ஜர் கிடையாது. வீட்டில் கிடக்கும் பழைய 15 வாட் சார்ஜரைச் செருகினால் நாலு மணி நேரம் போல ஆகும், அதனால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுவது உத்தமம்.

செயலிகள்தான் ஆண்ட்ராய்டின் பழைய வியாதி. போனுக்கென்று செய்ததை அப்படியே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறவை இன்னும் இருக்கின்றன, ஒரு பொத்தான் என் உள்ளங்கை நீளத்துக்கு வந்து நிற்கும். டெக்ஸ் முறைக்கு மாற்றினால் கணினி மாதிரி சின்னச் சின்ன ஜன்னல்களாகத் திறக்கலாம், கொஞ்சம் தப்பிக்கலாம்.

அப்புறம் காசு. 2022 பிப்ரவரியில் வந்தபோது லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். அந்த விலைக்கு நான் வாங்கியிருக்க மாட்டேன். பழையதாக வாங்குவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்ட்ராய்டு 12-இல் தொடங்கியது, நாலு பதிப்பு வரை புதுப்பிப்பும் ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தமும் என்றுதான் வாக்குறுதி. அந்த ஐந்து வருஷம் 2027-இல் முடிந்துவிடும். பேங்க் வேலையெல்லாம் இதிலேயே பார்க்கிறவர்கள் யோசித்து வாங்குங்கள், எனக்கு இது திருத்துகிற பலகை மட்டும் என்பதால் கவலையில்லை.

தாள் செலவு ஒழிந்ததா என்றால், முதல் இரண்டு சுற்றுக்கு ஒழிந்தது. கடைசி மெய்ப்பை இன்னும் அச்செடுத்துத்தான் பார்க்கிறேன். போன மாதம்கூட, திரையில் இரண்டு முறை பார்த்துத் தாண்டிப் போன ஓர் 'இருக்கிறாகள்' தாளில் முதல் பார்வையிலேயே மாட்டியது.