மலைச்சாலையும் இருபத்து நான்கு பற்களும்: ஆறு ஆண்டு அனுபவம்

நெடும்பயண சைக்கிள் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படியொன்றை ஆறு ஆண்டுகளாக மலைச்சாலைகளில் ஓட்டிவருகிறேன். எஃகுச் சட்டமும், முன்னே மூன்று, பின்னே ஒன்பது பற்சக்கரங்களும் அவர் அறிந்தவைதாம் என்பதால், என்னை ஐந்து ஆண்டுகள் வாட்டிய ஒரே குறையான அதன் கியரைப் பற்றியே எழுதுகிறேன்.

முன்னே இருந்த மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு 30 பற்கள். பின்னே மிகப் பெரியதற்கு 34. இந்தச் சேர்க்கையில் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.9 மீட்டர் நகரும்; இந்தத் தூரம் குறையக் குறைய மிதிப்பது எளிது. சுமையில்லாதவருக்கு இது போதும். இருபது கிலோ பைகளோடு 10 சதவீத ஏற்றத்தில் ஏறும்போதோ, மிதிப்பு நிமிடத்துக்கு நாற்பது சுற்றாகத் தளர்ந்து, பாரம் முழுவதும் முழங்கால்களில் இறங்கும். சுமை கட்டுவதற்கென்றே கேரியர் துளைகளோடு செய்த வண்டிக்குச் சமவெளிக்குரிய கியரை ஏன் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கோபம் வரும்.

சென்ற ஆண்டு தேய்ந்த சங்கிலியை மாற்றியபோது, முன்னே 24 பற்கள் கொண்ட சக்கரத்தைப் பொருத்தினேன். பெடல் பூட்டிய கையான என் கிராங்கில், பற்சக்கரத்தை முடுக்கும் துளைகள் 74 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருப்பதால் அதைவிடச் சிறியதை அது ஏற்காது. நடுச் சக்கரத்திலிருந்து இறக்கும்போது சங்கிலி உள்பக்கம் கழன்று விழுந்தது. சிறு தடுப்பு ஒன்றை மாட்டியதும் அது நின்றது. முன்னும் பின்னும் மிகச் சிறியவற்றில் போட்டால் சங்கிலி தொய்கிறது, ஆனால் அந்தச் சேர்க்கை ஏற்றத்தில் தேவைப்படுவதே இல்லை.

இப்போது ஒரு சுற்றுக்கு 1.5 மீட்டர்தான், நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 5.4 கி.மீ. இந்த மெதுவான வேகம் இவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வண்டி மாடுகளும் பொதி விலங்குகளும் ஏறுவதற்காகப் போட்ட பழைய சாலைகள், மலையைக் குடையாமல் அதன் மடிப்புகளை ஒட்டியே வளைந்து ஏறுபவை. புதிய சாலை வந்து போக்குவரத்தை வாங்கிக்கொண்ட பிறகு அவற்றில் அமைதி குடியேறிவிட்டது. இருக்கையை விட்டு எழாமல், மூச்சிரைக்காமல் ஏறுகையில், எதிரே வரும் ஒற்றை வண்டியின் ஓசை இரண்டு வளைவுகளுக்கு அப்பாலிருந்தே கேட்கிறது. தாங்குசுவரின் கல்லிடுக்குகளில் பெரணி முளைத்திருப்பது கண்ணில் படுகிறது. முன்சக்கரத்தை மட்டுமே பார்த்தபடி நான் முன்பு ஏறிய அதே சாலைகள்தாம் இவை.

சட்டம் ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. இதை நான் விற்கப்போவதும் இல்லை. ஆனாலும், கடையில் நிற்கிற நிலையிலேயே இதை வாங்காதீர்கள் என்பதே நண்பருக்கு என் பதில். ஐந்து ஆண்டுகள் அந்த 30 பற்களோடு மல்லுக்கட்டிய இடது முழங்கால், படியேறும்போது இன்னும் வலிக்கிறது.