சுவிட்ச் இல்லாத ஹாட்பிளேட்: சப்பாத் பிளாட்டா பற்றி

இஸ்ரேலுக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவர்கள், மதப்பற்றுள்ள யூத வீட்டில் சேர்ந்தால் முதல் வெள்ளிக்கிழமையே பார்க்கிற பொருள் இந்தப் பிளாட்டா. வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு வரை நீளும் யூத ஓய்வுநாளான சப்பாத்தில் சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும் மின்தட்டு இது. நான் ரோஷ் ஹாயினில் ஏமன் யூதப் பாட்டி ஒருவரோடு இருக்கிறேன். இங்கே பாட்டியை சவ்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பழைய பிளாட்டா பழுதானதும் அவருடைய மகன் 150 ஷெக்கெல் சுமாருக்கு வேறொன்று வாங்கித் தந்தார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தட்டையான ஒரு உலோகப் பரப்பு, உள்ளே சூடேறும் கம்பி, வெளியே ஒரு வயர். அவ்வளவுதான். சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது, சுவிட்சும் கிடையாது. வெள்ளி மாலை சூரியன் மறையும் முன் செருகிவிட்டால் ஒரே சூட்டில் இருக்கும். ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது பைபிளில் யாத்திராகமம் 35-ல் இருக்கிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தடுக்கிற 39 வேலைகளில் நெருப்பு மூட்டுவதும் அணைப்பதும் வருகின்றன. திருகு இருந்தால் கை தானாக அதன்மேல் போகும். இதில் கை போக இடமே இல்லை, அதுதான் இதன் சிறப்பு.

அதனால் பாடு முழுக்க வெள்ளிக்கிழமைக்கு வந்துவிடும். காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் நான். அடுப்பைப் பற்றவைப்பதும் பாத்திரத்தை ஏற்றுவதும் சவ்தா. யூதரல்லாதவர் சமைத்ததை உண்பதில் அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. நடக்கவே சிரமப்படுகிறவர், அந்த வேலைக்கு மட்டும் எழுந்து வந்துவிடுவார். பிறகு ஜஹ்னூன், ஏமன் யூதர்களின் சனிக்கிழமைக் காலை உணவு. மாவை மெல்லிசாக இழுத்து, கொழுப்பு தடவி, சுருட்டி, மூடிய அலுமினியப் பாத்திரத்தில் முட்டைகளோடு அடுக்கி இரவு முழுக்க பிளாட்டாவில் விடுவோம். காலையில் மாவு பழுப்பாகி லேசாக இனிக்கும், முட்டையும் உள்ளே பழுப்பேறியிருக்கும். துருவிய தக்காளி, ஸ்ஹூக் என்ற காரமான மிளகாய்த் துவையல் தொட்டுச் சாப்பிட வேண்டும். இதில் இந்தப் பிளாட்டாவுக்கு முழு மதிப்பெண் தருவேன், ஒரு வாரமும் அடிப்பிடித்ததில்லை.

ஒரு வெள்ளி இரவு மின்சாரம் ட்ரிப் ஆகிவிட்டது. நான் போய் ட்ரிப் ஆன சுவிட்சை ஒரு விரலால் தூக்கிவிடலாம். ஆனால் தனக்காகச் செய்யச் சொல்லி யூதரல்லாதவரிடம் கேட்பதும் அவர்களுக்குக் கூடாது. உடம்பு முடியாதவர்களுக்குச் சலுகை உண்டு, அன்று அவர் நன்றாகத்தான் இருந்தார். “உனக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் போட்டுக்கொள் மகளே, என் சாப்பாட்டுக்காகப் போடாதே” என்றார். ஆறிப்போன கோழியையும் ரொட்டியையும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

அப்புறம் ஒன்று சொன்னார். “ஆறுநாளும் நீ வேலைசெய்து, உன் கிரியைகளையெல்லாம் நடப்பிப்பாயாக” என்று ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடம் செய்த அதே பைபிள் வசனம். ஆறு நாளில் யாரால் எல்லா வேலையையும் முடிக்க முடியும் என்று அவர்களுடைய பழைய ரபிகள், அதாவது மத ஆசிரியர்கள், கேட்டிருக்கிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டதுபோல் எண்ணி ஓய்ந்திரு என்பதுதான் அவர்கள் கண்ட பதில். சிறுமியாக 1949-ல் ஏமனிலிருந்து விமானத்தில் வந்து கூடாரத்தில் குடியிருந்தவர் இதைச் சொல்கிறார். அந்தக் கூடாரத்தில் எந்த வேலை முடிந்திருக்கும்! ஊருக்குப் பணம் அனுப்பும் கவலை, விசா கவலை எல்லாம் எனக்கும் உண்டு. வெள்ளி மாலை பிளாட்டாவைச் செருகியதும் போனை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

சரி, குறைகள். நடுவில் இருக்கிற சூடு ஓரத்தில் இல்லை. சோறு வைத்தால் காய்ந்துபோகும், ஓரத்தில் வைத்து மூடியை இறுக்க வேண்டும். முழுதாக வெந்த குழம்பு ஆறிவிட்டால் சவ்தா காலையில் திரும்ப வைப்பார், அது ஏமன் வழக்கம். எதிர்வீட்டு அஷ்கெனாசியர், அதாவது ஐரோப்பிய வழிவந்த யூதர்கள், அப்படி வைக்க மாட்டார்கள். வேறு வீட்டில் வேலை என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வயர் ரொம்பக் குட்டை. பெட்டியில் டைமர் வராது, தனியாக வாங்க வேண்டும். பிளாட்டா இழுக்கிற மின்சாரத்தை டைமர் தாங்குமா என்று கடையிலேயே கேளுங்கள்.

தீ விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. 2015 மார்ச்சில் நியூயார்க்கின் புரூக்ளினில், சப்பாத்துக்காக விட்டுவைத்த ஹாட்பிளேட்டிலிருந்து தீ பரவி ஒரே வீட்டின் ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். மேலே போர்வை போர்த்தாதீர்கள், திரைச்சீலை பக்கத்தில் வைக்காதீர்கள். சமையலறைக்குப் பக்கத்தில் புகை அலாரம் கட்டாயம் வேண்டும். கருகல் வாடை வந்தால் யாரையும் கேட்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள். உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம் என்பதும் அவர்கள் சட்டம்தான், சவ்தாவே என்னிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு நாலு பாத்திரம் பிடிக்கிற அளவு போதும். பெரியதை வாங்கினால் நம் ஊர் மாதிரிச் சின்னச் சமையலறையில் மேடை முழுக்க அடைத்துக்கொள்ளும். கால்கள் உயரமாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அடியில் மேடை அவ்வளவாகச் சுடாது.