“குயில்டிங் மிஷின்” என்று சொல்லி விற்கிறார்கள்: வாங்குவோர் கவனத்திற்கு

ஃப்ரீ மோஷன் குயில்டிங் (நடுவில் பஞ்சு வைத்த துணி அடுக்குகளைக் கையால் நகர்த்தித் தைத்து இணைக்கும் வேலை) பழகுவதற்காகப் புதிய தையல் இயந்திரம் வாங்கவிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். கோவையில் ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததை, கடையின் பெயரை மட்டும் தவிர்த்து, நடந்தபடியே எழுதுகிறேன்.

இவ்வகைத் தையலில் துணியை நகர்த்துவது இயந்திரம் அன்று, நம் கைகள். ஊசித் தகட்டின் அடியிலிருந்து துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, அல்லது ஒரு தகட்டால் மூடிவிட்டு, மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றடுக்கையும் வேண்டிய திசையில் நாமே நகர்த்துகிறோம். ஆகவே, பல்லை இறக்கும் வசதியும், துணியை இறுக அழுத்தாமல் கையால் நகர்த்த விடும் பாதமான டார்னிங் ஃபுட்டும் உண்டா என்பதையே கடையில் முதலில் கேட்டேன். இரண்டும் உண்டு என்றார்கள். காட்சிக்கு வைத்திருந்த இயந்திரத்தில் விற்பனையாளர் கொடியும் பூவுமாகத் தைத்தும் காட்டினார். ஆனால் அவர் தைத்தது கஞ்சி போட்ட மெல்லிய பருத்தித் துணியின் இரண்டு மடிப்பு. நடுவில் பஞ்சு இல்லை. நான் கொண்டுபோயிருந்த மூன்றடுக்குத் துண்டில் தைக்கச் சொன்னபோது, இயந்திரத்துக்குள் பஞ்சு சேரும் என்று கூறி அதைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பெட்டியில் இருந்தது அதே நிறமும் உருவமும் கொண்ட, ஆனால் மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் மாறிய வேறோர் இயந்திரம். அதில் பல்லை இறக்கும் விசை இல்லை. உடன்வரும் பொருள்களின் பட்டியலில் அச்சிடப்பட்டிருந்த பல்மூடித் தகடும் இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும் என்றார்கள். அது பாதி உண்மை. பூஜ்யத்தில் வைத்தால் பற்கள் துணியைத் தள்ளுவதில்லை, அப்படியே தைப்பவர்களும் உண்டு. எனினும் பற்கள் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், கனத்த அடுக்கில் அடித்துணியை உரசும். எப்படியாயினும், இருக்கிறது என்று சொல்லி விற்ற வசதிக்கு அது ஈடாகாது.

தனி விலைக்கு விற்ற டார்னிங் ஃபுட்டின் கதை இதைவிட மோசம். ஃபுட்டை மாட்டும் தண்டுக்கு ஷாங்க் என்று பெயர். ஊசித் தகட்டிலிருந்து ஃபுட்டை மாட்டும் திருகின் நடுப்பகுதி வரையிலான உயரம், லோ ஷாங்க் இயந்திரத்தில் சுமார் அரை அங்குலம், ஹை ஷாங்கில் சுமார் ஓர் அங்குலம். என்னுடையது லோ ஷாங்க். எனக்குத் தரப்பட்டது ஹை ஷாங்க் ஃபுட். உயரம் மிகுந்த அதை மாட்டினால் பஞ்சடுக்கின் மேல் முட்டி நின்றது, ஃபுட்டைத் தாங்கும் அழுத்தக் கம்பி முழுவதும் இறங்கவில்லை. கம்பி இறங்காதவரை என் இயந்திரத்தில் மேல்நூலின் டென்ஷன் தட்டுகளும் நூலைப் பிடிக்கவில்லை. விளைவாக, துணியின் அடிப்பக்கம் முழுவதும் நூல் வளையங்கள்.

கடை அனுப்பிய மெக்கானிக் ஃபுட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் வளையம் விழுந்தால் அடிநூல் சுற்றிய பாபின்தான் காரணம் என்று சொல்லி, பாபின் கேஸின் திருகை இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டு, உத்தரவாதக் காலத்திலேயே சர்வீஸ் கட்டணமும் வாங்கிக்கொண்டார். அடியில் வளையம் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது மேல்நூலைத்தான் என்பது தையல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம். போகும்போது, “உங்களுக்குக் கை பழகவில்லை, மேடம்” என்று ஓர் அறிவுரை வேறு.

ஆகவே, உங்கள் மூன்றடுக்குத் துண்டை எடுத்துச் செல்லுங்கள். காட்சி இயந்திரத்தில் அன்று, உங்களுக்குத் தரப்போகும் பெட்டியைப் பிரித்து, அந்த இயந்திரத்திலேயே தைத்துப் பாருங்கள். முழு மாடல் எண்ணையும், பல்லை இறக்கும் வசதி உண்டு என்பதையும், ஃபுட்டின் ஷாங்க் வகையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். இவற்றை எழுதித்தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்டபோது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று கடைச் சுவரில் எழுதியிருந்ததைக் காட்டி முதலில் மறுத்தார்கள். பில்லில் கால அளவு குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவுசெய்த பிறகு, காட்சியில் இருந்த அதே மாடலைப் புதிதாகத் தந்து இயந்திரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஃபுட்டின் விலையும் சர்வீஸ் கட்டணமும் இன்னும் வரவில்லை. அவற்றுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.