யூரோபாஸ்கெட்டா, ஆசியக் கிண்ணமா? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

கிளிநொச்சிப் பக்கத்தில் கூடைப்பந்தாட்டம் பழகும் பிள்ளைகளுக்கு முதல் எதிரி நிலம்தான். மாரியில் ஊறிய மண்ணில் பந்தைத் தட்டினால் அது கைக்குத் திரும்பி வராது. பந்தைத் தட்டி ஓடத் தேவையில்லாத வலைப்பந்தும் கரப்பந்தும் வன்னிப் பாடசாலைகளில் வேரூன்றியதற்கும், கூடைப்பந்து சீமெந்துத் தளம் உள்ள ஓரிரு இடங்களில் ஒதுங்கி நிற்பதற்கும் இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் விட்டுச்சென்ற பந்தோடு ஆடத் தொடங்கிய சில பிள்ளைகள், தேசிய அணிகள் மோதும் கண்டப் போட்டிகளில் ஐரோப்பாவினதைப் பின்தொடர்வதா, ஆசியாவினதைப் பின்தொடர்வதா என்று என்னிடம் கேட்டனர்.

வயதில் மூத்தது ஐரோப்பாவின் யூரோபாஸ்கெட். 1935இல் ஜெனீவாவில் 10 அணிகளோடு தொடங்கிய அப்போட்டியின் இறுதியாட்டத்தில் லாத்வியா 24–18 என்ற கணக்கில் ஸ்பெயினை வென்றது. அடுத்த போட்டி 1937இல் லாத்வியாவின் ரீகா நகரில் நடந்தபோது, அயல்நாடான லித்துவேனியா கிண்ணத்தைத் தூக்கிச் சென்றது. அவ்வெற்றிக்குத் தோள் கொடுத்தவர்கள், அமெரிக்காவில் குடியேறிய லித்துவேனியக் குடும்பங்களின் பிள்ளைகள். 1939 போட்டிக்கென்றே லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஒரு மண்டபத்தை எழுப்பினார்கள். அங்கே, லொஸ் ஏஞ்சலஸில் பிறந்து 1936 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கம் வென்ற பிராங்க் லூபின், பெற்றோரின் நாட்டுக்காக பிரானாஸ் லூபினாஸ் என்ற பெயரில் ஆடினார். லாத்வியாவை 37–36 என்று ஒரே புள்ளியால் வீழ்த்திய லித்துவேனியா, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மீண்டும் சம்பியனானது. ஒரு நாட்டின் அணிக்காக ஆடியவர் இன்னொரு நாட்டின் அணிக்கு மாறுவதை இன்றைய விதிகள் இலகுவில் அனுமதிப்பதில்லை என்பதால், லூபினின் கதை இனி நடப்பது அரிது.

மறு ஆண்டே இரு நாடுகளும் சோவியத் ஒன்றியத்துக்குள் விழுங்கப்பட்டன. அதன்பின் சோவியத் அணி 14 முறை கிண்ணம் வென்றது. லித்துவேனிய வீரரான சபோனிஸ் 1985இல் அந்தச் சோவியத் சட்டையோடுதான் ஐரோப்பியத் தங்கம் வென்றார். தன் பெயரிலேயே லித்துவேனியா மீண்டும் சம்பியனானது 2003இல், 64 ஆண்டுகளுக்குப் பிறகு. உறவுகள் பாதி கடல் கடந்து வாழும் ஊரில் இருந்துகொண்டு இதை வெறும் புள்ளிவிபரமாக என்னால் வாசிக்க முடியவில்லை.

ஆசியப் போட்டி 1960இல் மணிலாவில் பிறந்தது. முதல் ஏழு போட்டிகளில் பிலிப்பைன்ஸ் நான்கையும், ஜப்பான் இரண்டையும், தென்கொரியா ஒன்றையும் வென்றன. விறுவிறுப்பான அந்தக் காலம் 1975இல், சீனா முதன்முதலாகக் களமிறங்கி உடனேயே சம்பியனானதோடு முடிந்தது. அன்றிலிருந்து 2015 வரை நடந்த 21 போட்டிகளில் 16 சீனாவுக்கே போயின. ஈரானின் மூன்று வெற்றிகளை விட்டால் இந்த நாற்பது ஆண்டுகளில் அதிகம் சொல்வதற்கில்லை. வரலாறு என்ற அளவில் ஐரோப்பாவுக்கே என் வாக்கு.

இன்றைய ஆட்டம் என்று வந்தால் எனக்கு அத்தனை உறுதியில்லை. 2017இல் ஆசியக் கிண்ணம் என்ற பெயரோடு அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்க்கப்பட்டன. அதற்கடுத்த போட்டியிலிருந்து தகுதிச் சுற்றும் அவரவர் ஊரில் ஓர் ஆட்டம், எதிராளி ஊரில் ஓர் ஆட்டம் என மாறியது. அன்றிலிருந்து மூன்று கிண்ணங்களும் அவுஸ்திரேலியாவுக்கே என்பதால், சீனாவின் இடத்தில் இன்னொரு நாடு வந்து அமர்ந்துவிட்டது என்று தோன்றலாம். ஆனால் சீனாவின் வெற்றிகள் பல இலகுவானவை. அவுஸ்திரேலியாவோ கடைசி இரண்டிலும் தப்பிப் பிழைத்தது. 2025இல் ஜித்தாவில் சீனாவை 90–89 என்றும், 2022இல் ஜகார்த்தாவில் லெபனானை 75–73 என்றும் வென்றது. யுத்தமும் பொருளாதார வீழ்ச்சியும் கண்ட சிறிய நாடான லெபனான் இரண்டே புள்ளிகளில் கிண்ணத்தைத் தவறவிட்ட அந்த ஜகார்த்தா ஆட்டத்தை முதலில் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.