கையில் ஒட்டும் சுகர் சென்சார்: 11 மாதம் பயன்படுத்திய பிறகு

என் மகளுக்கு 9 வயது. டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதில் 11 மாதமாக, மேல்கையின் பின்பக்கம் ஒட்டுகிற 14 நாள் சென்சாரைப் பயன்படுத்துகிறோம். வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

பார்ப்பதற்குப் பத்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிய வட்டம். நடுவில் முடி போல வளைகிற ஓர் இழை தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் இறங்கி நிற்கும். இது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அளப்பதில்லை, செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. அதனால் 5 முதல் 10 நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். ஒருநாள் "கை நடுங்குதும்மா" என்றாள். சென்சார் போனில் காட்டியது 95. விரலில் குத்திப் பார்த்தால் 62, சர்க்கரை தாழ்ந்திருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் குழந்தை சொல்வதுதான் முதல் அளவு, சென்சார் அதற்கு அப்புறம்தான்.

இதனால் எனக்குக் கிடைத்த பெரிய பயனைச் சொல்ல, நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எடுத்த பரிசோதனையில் ஜிஏடி ஆன்டிபாடி (சொந்தக் கணையச் செல்லுக்கு எதிராக உடலே உண்டாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்று வந்தது. டாக்டர் ஒரு தாளில் கணையத்தை வரைந்து, அதற்குள் திட்டுத் திட்டாகப் புள்ளி வைத்தார். அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரப்பவை. கிருமி புகுந்த செல்லை அழிக்க வேண்டிய, நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள், சொந்தப் பீட்டா செல்லையே எதிரி என்று எடுத்துக்கொண்டு அழிக்கின்றன. ஆன்டிபாடி அந்தத் தாக்குதலுக்கான தடயம். அழிக்கிற வேலையைப் பெரும்பாலும் செய்பவை டி செல்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இது சத்தமில்லாமல் நடக்கும். நிறைய செல்கள் போன பிறகுதான் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு என்று வெளியே தெரியும்.

அவள் தின்ற லட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "இனிப்பு நிறையக் கொடுத்தியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் நொறுங்கிப் போயிருக்கிறேன். இப்போது உட்கார வைத்து, அதே படத்தை வரைந்து காட்டுகிறேன்.

இன்சுலின் ஊசி போட ஆரம்பித்ததும் மிச்சமிருந்த பீட்டா செல்களுக்குப் பாரம் குறைந்து, மறுபடி ஓரளவு சுரந்தன. ஹனிமூன் பீரியட் என்பார்கள். இரண்டாவது மாதம் நாள் முழுவதற்கும் சேர்த்து 8 யூனிட்தான் தேவைப்பட்டது. "குணமாயிடுச்சு, ஊசியை நிறுத்திடு" என்று சொல்ல ஆள் வருவார்கள். நிறுத்தவே கூடாது. அப்போதெல்லாம் மூன்று இட்லி சாப்பிட்டால் சென்சார் கோடு 160 வரை ஏறி, அழகாக இறங்கிவிடும். ஏழாவது மாதம் அதே மூன்று இட்லிக்கு, அதே டோஸுக்கு, 240. விடியற்காலை 4 மணிக்குக் கோடு தலைதூக்க ஆரம்பித்தது. வாராவாரம் இன்னும் கொஞ்சம் மேலே. அடுக்களையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது, மிச்சமிருந்த செல்களும் போய்க்கொண்டிருக்கின்றன. அழுதேன். ஆனால் அந்த வாரமே வரைபடத்தை டாக்டரிடம் காட்டி டோஸை ஏற்ற ஆரம்பித்தோம். இப்போது 22 யூனிட். நாளுக்கு நான்கு முறை விரலில் குத்தி மட்டும் பார்த்திருந்தால் அந்த 4 மணி ஏற்றம் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

இரவில் 70-க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும். முன்பு 2 மணிக்கும் 4 மணிக்கும் எழுந்து தூங்குகிற குழந்தையின் விரலைப் பிடித்துக் குத்துவேன். அது நின்றது. அலாரம் எல்லாமே உண்மை என்று நினைக்க வேண்டாம். சென்சார் இருக்கிற கையின் மேல் அழுந்திப் படுத்தாலே 55 என்று காட்டும். புரட்டிப் படுக்க வைத்து, விரலில் குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள். அதனால் ஸ்ட்ரிப் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

குறை என்றால், சித்திரை வெயிலில் வியர்வைக்கு ஒட்டு நிற்பதில்லை. ஒரு சென்சார் ஒன்பதாம் நாளே கழன்று விழுந்தது. இப்போது மேலே தனியாக ஒரு பிளாஸ்திரி ஒட்டுகிறோம். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓரமெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் தானாகக் கிளம்பி வரும்.

விலைதான் தாங்கவில்லை. மாதம் இரண்டு சென்சார், இன்சுலின், ஊசி முனை, ஸ்ட்ரிப் என்று என் சம்பளத்தில் பெரும்பங்கு போகிறது. மாதாமாதம் முடியாதவர்கள், டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்காவது ஒன்று ஒட்டுங்கள். அந்த 14 நாள் கோட்டை வைத்தே டோஸை நிறையச் சரிசெய்யலாம்.

அடுத்ததை வியாழக்கிழமை மாற்ற வேண்டும். இந்த முறை இடது கை, பிளாஸ்திரியில் மயில் வரைய வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.